கொட்டிலுக்குள் கொற்றவன்

பாஸ்டில் சிறை வீழ்ந்த வரலாற்றை வகுப்பறையிலே நாம் ஆண்டுதோறும் கூறுகிறோம். 1789 ஜூலை 14 என்று கரும்பலகையில் எழுதுகிறோம், மாணவர் குறித்துக்கொள்கின்றனர். ரொட்டி கேட்டு வெர்சேல்சுக்கு நடந்த பெண்கள், ஓடிப் பிடிபட்ட மன்னன், உருண்ட தலை, ஓங்கி எழுந்த நெப்போலியன் – இத்தனையும் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். மணி அடிக்கும். ஏடு மூடப்படும். மன்னனின் முடி மண்ணில் வீழ்ந்ததை அந்த ஏடு சொல்லும். மன்னனின் பொலிகுதிரை வீழ்ந்ததை மட்டும் சொல்லாது.

பொலிகுதிரைக்கும் புரட்சிக்கும் என்ன தொடர்பு என்று தோழர்கள் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. 1790 ஜனவரி 29ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். பாஸ்டில் வீழ்ந்து ஏழு திங்கள்கூட நிறையவில்லை. பிரெஞ்சு தேசிய மன்றத்தின் முன் மலைபோல் வேலை குவிந்து கிடக்கிறது. அரசியல் சட்டம் எழுதப்பட வேண்டும். கருவூலம் காலி, கடன் கழுத்தை நெரிக்கிறது. திருச்சபையின் நிலம், பிரபுக்களின் பழைய உரிமைகள், பட்டினியால் துடிக்கும் நகரங்கள் – எதை முதலில் எடுப்பது, எதைப் பின்னால் வைப்பது என்று புரியாத நேரம். அந்த நெருக்கடியிலும் மன்றம் குதிரைக் கொட்டிலைப் பற்றிப் பேசியது. குதிரை வளர்ப்பில் மன்னராட்சி விதித்திருந்த தடைகளை நீக்கிச் சட்டம் செய்தது.

ஏன்? உழவர் கேட்டனர், அதனால். 1789ஆம் ஆண்டின் தொடக்கத்தில், குறைகளை எழுதி அனுப்புங்கள் என்று நாடெங்கும் ஓலை சென்றது. ஊர் ஊராக மக்கள் கூடினர். எழுதத் தெரிந்தவர் எழுத, தெரியாதவர் சொன்னார். உப்பு வரி கொடிது என்றனர். நில வரி நெஞ்சைப் பிளக்கிறது என்றனர். பிரபுவின் புறாக்கள் நாங்கள் விதைத்த விதையைத் தின்கின்றன என்றனர். குதிரை வளர்க்கும் வட்டாரங்களிலே பல ஊரார் மற்றுமொரு வரியையும் சேர்த்தனர்: இந்த அரச பொலிகுதிரை ஏற்பாட்டை ஒழித்துவிடுங்கள்!

நம் சிற்றூர்க் காட்சியொன்றை மனக்கண்முன் நிறுத்தினால் அவர்களுடைய குறை எளிதில் விளங்கும். பசு பருவத்துக்கு வந்ததும், பொலிகாளை இருக்கும் இடத்துக்கு உழவன் அதனை ஓட்டிச் செல்கிறான். ஏர் இழுக்கும் கன்று வேண்டுமா, பால் மிகுந்த கன்று வேண்டுமா என்று அவனே எண்ணுகிறான். அதற்கேற்ற காளையை அவனே தேடுகிறான். அப்படிப்பட்ட ஊரிலே ஒருநாள் தண்டோரா ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். “அரசு ஒப்புக்கொண்ட காளையே இனி இவ்வூருக்குக் காளை! உங்கள் பசுக்களின் பட்டியல் எடுக்கப்படும்! எந்தப் பசு எந்தக் காளையிடம் போக வேண்டும் என்பதை அதிகாரி கூறுவார்! மீறினால் தண்டம்! காளையை வைத்திருப்பவருக்கு வரிச் சலுகை உண்டு. அந்தக் குறைவை ஊரார் நிரவிக் கட்ட வேண்டும்!” – உழவன் உள்ளம் என்ன பாடுபடும்? காளை என்ற இடத்திலே குதிரை என்று மாற்றிக்கொள்ளுங்கள். பிரெஞ்சு உழவன் பட்ட பாடு அதுதான்.

* * *

கதை 1665இல் தொடங்குகிறது. பதினான்காம் லூயி ஆண்ட காலம். அவனுடைய அமைச்சர் கோல்பேர், கணக்கிலே கண்ணும் கருத்துமானவர். நாட்டிலிருந்து பொன் வெளியே போகக்கூடாது என்பது அவருடைய மந்திரம். ஆனால் மன்னனோ ஓயாது போர் தொடுப்பவன். போருக்குக் குதிரை வேண்டும். நல்ல குதிரைகளை வெளிநாட்டிலே வாங்க வேண்டியிருந்தது. பொன் வெளியேறிக்கொண்டே இருந்தது. ஆகவே அவ்வாண்டு அக்டோபரில் ஓர் ஆணை பிறந்தது. ஃபிரீஸ்லாந்து, ஹாலந்து, டென்மார்க், வட ஆப்பிரிக்கா ஆகிய இடங்களிலிருந்து சிறந்த ஆண்குதிரைகளைத் தருவித்து, வேளாண் வட்டாரங்களிலே பரப்பி வைப்பது. உழவர் தம் பெட்டைக் குதிரைகளை அவற்றிடம் கொண்டுவந்து சேர்ப்பது. பிறக்கும் குட்டிகளால் நாடு வளம் பெறுவது – இதுவே திட்டம்.

திட்டத்தை மட்டும் படித்தால் பாராட்டத்தான் தோன்றும். சிறந்த பொலிகுதிரையை விலை கொடுத்து வாங்க ஏழை உழவனால் இயலாது. வாங்கினாலும் ஆண்டு முழுதும் அதற்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகாது. பெட்டைக் குதிரை இளவேனிலிலே பருவத்துக்கு வரும். ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒருமுறை, சில நாட்கள் மட்டுமே சேர்க்கைக்கு இசையும். சினை பிடித்தால் குட்டி வெளிவரப் பதினொரு திங்கள் ஆகும். ஆகவே அந்தச் சில திங்கள் மட்டும் பயன்படும் ஆண்குதிரையைத் தனித்தனியே வைத்துக்கொள்வதைவிட, ஒரு வட்டாரத்துக்குப் பொதுவாக ஒன்று இருப்பதே அறிவுடைமை. அந்தப் பொதுப்பணியை அரசு ஏற்றால் குற்றம் என்ன?

குற்றம் குதிரையிலே இல்லை. குதிரையோடு கூட வந்த கயிற்றிலே இருந்தது.

பொலிகுதிரையைப் பேணும் பொறுப்பு ஊரிலே ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்குக் கூலியாகச் சலுகைகள் தரப்பட்டன. படைவீரரைத் தன் வீட்டில் தங்கவைக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஊர்க்காவல் கடமை இல்லை. நில வரியிலே தள்ளுபடி உண்டு. அந்நாளைய பிரெஞ்சு நில வரியோ, இவ்வூர் இவ்வளவு தர வேண்டும் என்று மொத்தமாகக் குறிக்கப்பட்டு, ஊராருக்குள் பங்கிடப்படுவது. ஒருவர் பங்கு குறைந்தால் மற்றவர் பங்கு கூடும். ஆக, வசதி படைத்தவன் அரச குதிரையைக் கட்டி வைத்து வரியிலிருந்து தப்பினான். அவன் கட்டாத காசை, ஒற்றைப் பெட்டைக் குதிரையோடு உழுதுகொண்டிருந்தவன் கட்டினான். கொட்டில் ஒருவனுக்கு, கொடுமை ஊருக்கு!

கயிறு மேலும் இறுகியது. 1717இல் விரிவான ஒழுங்குவிதி வந்தது. பெட்டைகள் கணக்கெடுக்கப்பட்டன, எந்தெந்தப் பெட்டை எந்தப் பொலிகுதிரைக்கு என்று ஒதுக்கப்பட்டன. ஒப்புதல் பெறாத ஆண்குதிரையைச் சேர்க்கைக்கு விட்டால் தண்டம், குதிரையும் பறிபோகும். உழவனுடைய கொட்டில், உழவனுடைய பெட்டை, உழவன் போட்ட தீனி, பிறக்கும் குட்டியின் பாடும் பொறுப்பும் உழவனுக்கு. ஆனால் தந்தை எது என்று கூறும் உரிமை மட்டும் கொற்றவனுக்கு!

அந்நாட்டு உழவனுக்கு இந்த முறை பழக்கமில்லாததும் அன்று. பிரபுவின் ஆலையிலேதான் மாவு அரைக்க வேண்டும், பிரபுவின் அடுப்பிலேதான் ரொட்டி சுட வேண்டும், பிரபுவின் செக்கிலேதான் திராட்சை பிழிய வேண்டும் என்ற கட்டாயம் பல ஊர்களில் இருந்தது. சில இடங்களிலே பிரபுவின் காளையிடமே பசுவை விட வேண்டும் என்றும் இருந்தது. மன்னன் செய்ததெல்லாம், பிரபுவின் காளைக்குப் பக்கத்திலே தன் குதிரையைக் கட்டியதுதான்.

* * *

குதிரை நல்லதாகவாவது இருந்ததா? இங்கேதான் இரு வேறு உலகங்கள் மோதின.

மன்னனுக்கு வேண்டியது போர்க்குதிரை. மெல்லிய கால், நிமிர்ந்த கழுத்து, வீரன் ஏறினால் விரைந்து பாயும் வேகம். உழவனுக்கு வேண்டியது அகன்ற மார்பு, அடக்கமான குணம், சேற்றிலே கால் ஊன்றி இழுக்கும் வலிமை. போர்க்குதிரைக் குட்டியை நான்கு ஆண்டுகளேனும் தீனி போட்டு வளர்த்த பிறகே படைக்கு விற்க முடியும். அதிகாரி வந்து வேண்டாம் என்று தலையசைத்துவிட்டால் அத்தனையும் பாழ். உழவுக்குதிரைக் குட்டியோ இரண்டு வயதுக்குள்ளாகவே இலேசான வேலைக்குப் பழகித் தன் தீனியைத் தானே சம்பாதித்துக்கொள்ளும். மெல்லிய பொலிகுதிரையைப் பருத்த பெட்டையோடு சேர்த்தபோது, பல நேரங்களில், ஏருக்கு இளைத்ததும் படைக்குப் பருத்ததுமான ஒன்று பிறந்தது. அரண்மனைக்கும் ஆகாது, ஆலைவண்டிக்கும் ஆகாது.

பொவாத்து என்ற மேற்குப் பகுதியிலே வேடிக்கை இன்னும் முற்றியது. அங்கே உழவர் தம் பெரிய பெட்டைக் குதிரைகளை ஆண்கழுதையோடு சேர்த்துக் கோவேறு கழுதைகளை உண்டாக்கினர். மலைப்பாதைக்கும் பாரம் சுமப்பதற்கும் அவற்றுக்கு நிகரில்லை. ஸ்பெயினிலிருந்தும் தென்பகுதியிலிருந்தும் வணிகர் வந்து கைநிறையக் காசு கொடுத்து வாங்கிப் போயினர். அதிகாரிகளுக்கோ அது அடுக்கவில்லை. போர்க்குதிரை பெற வேண்டிய வயிறு கழுதைக் கலப்பைப் பெறுவதா என்று சீறினர், தடுக்க முயன்றனர். உழவர் வாய் திறக்கவில்லை, வழியையும் மாற்றவில்லை. அடுப்பெரிவது கோவேறு கழுதையால் என்பது அவர்களுக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாக அதிகாரி தடுத்தார். தலைமுறை தலைமுறையாகக் கோவேறு கழுதை பிறந்துகொண்டே இருந்தது!

இதற்கிடையே அரசு தன் பெருமைக்கு அரண்மனையும் கட்டியது. நார்மண்டியிலே, இன்றைய ஓர்ன் மாவட்டத்தில், லெ பின் என்னுமிடத்தில், 1715 முதல் 1730 வரை எழுந்தது அரசப் பொலிநிலையம். நீண்ட மரவரிசைகள், வளைந்த முற்றம், செங்கல்லும் கருங்கல்லும் இழைத்த லாயங்கள். ‘குதிரைகளின் வெர்சேல்ஸ்’ என்று இன்றும் அதனை அழைக்கின்றனர். உழவன் வாழ்ந்தது மண்சுவர்க் குடிசையிலே. அவனுடைய பெட்டைக்கு வரவிருந்த மாப்பிள்ளை வளர்ந்தது மாளிகையிலே!

* * *

குதிரைக்கு இத்தனை குலப்பெருமை பேசிய அதே காலத்தில், மனிதனுக்கும் அது பேசப்பட்டது. பிரெஞ்சு மொழியில் குதிரையின் இனத்தையும் பிரபுவின் வம்சத்தையும் ஒரே சொல்லால் குறித்தனர். புலென்வில்லியே என்ற கோமகன் ஒரு கொள்கை வகுத்தார். பிரபுக்கள் நாட்டை வென்ற ஃபிராங்கியரின் வழித்தோன்றல்கள். பொதுமக்கள் தோற்ற கால் இனத்தாரின் வழித்தோன்றல்கள். ஆகவே ஆளுவது அவர்க்குரியது, உழைப்பது இவர்க்குரியது என்பது அதன் சாரம். 1722இல் அவர் மறைந்த பின்னர் அவ்வெழுத்து அச்சேறியது. 1789இல் சியேஸ் என்ற பாதிரியார் அதற்குச் சூடாக விடை தந்தார். அப்படியானால், வென்றவர் வழிவந்தோம் என்போரை அவர்கள் வந்த காட்டுக்கே திருப்பி அனுப்பிவிடலாமே என்பது அவர் கேட்ட கேள்வியின் பொருள். முன்னோன் எவன் என்பதை வைத்து இன்றைக்கு உழைப்பவனை இழிவு செய்யும் பேச்சு எந்த மொழியிலே எழுந்தாலும் நமக்கு உடனே புரிகிறது. விளக்கம் தேவையில்லை.

அந்தச் சூழலில்தான் 1790இன் சட்டம் வந்தது. ஒதுக்கீடு ஒழிந்தது. தண்டம் ஒழிந்தது. பேணுவோரின் தனிச்சலுகை ஒழிந்தது. உழவன் தன் பெட்டையைத் தான் விரும்பிய ஆண்குதிரையிடம் கொண்டு செல்லலாம். விடுதலை!

இத்தோடு கதையை முடித்துவிட்டால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் வரலாறு கைதட்டலுக்காக நிற்பதில்லை. அடுத்து நடந்ததையும் நாம் நேர்மையோடு பார்த்தாக வேண்டும்.

தடையை நீக்கிய கையோடு, நிலையங்களும் கலைக்கப்பட்டன. பொலிகுதிரைகள் விற்கப்பட்டுச் சிதறின. 1792இல் போர் மூண்டது. குதிரைகளைப் போர்க்களம் விழுங்கியது. 1793 ஆகஸ்டில் நாட்டு மக்கள் அனைவரையும் போருக்கு அழைத்த புகழ்பெற்ற ஆணையிலே, ஏறிச்செல்லும் குதிரைகள் எல்லாம் படைக்கு என்றும், இழுவைக் குதிரைகளில் உழவுக்குப் பயன்படுவன தவிர மற்றவை பீரங்கிக்கு என்றும் விதித்தனர். உழவுக்குதிரைக்கு விலக்குத் தந்தனர் என்பதைக் கவனியுங்கள். உழவன் எழுதியனுப்பிய குறையேட்டைப் படித்த மன்றத்தின் வாரிசு அல்லவா! எனினும் நல்ல ஆண்குதிரைகள் அருகின. கயிற்றை அறுத்தவர்கள், குதிரையையும் ஓட்டிவிட்டனர். ஏழையின் பெட்டை பருவத்துக்கு வரும். பக்கத்தில் தகுந்த ஆண்குதிரை இருக்காது. விரும்பியதைத் தேர்ந்துகொள் என்ற உரிமை, தேர்ந்துகொள்ள ஒன்றும் இல்லாத இடத்தில் எதற்கு உதவும்?

புரட்சியாளர் இதனை உணர்ந்தனர். 1795இல் ஏழு பொலிநிலையங்களை மீண்டும் நிறுவ முடிவு செய்தனர். பழைய கட்டாயம் திரும்பவில்லை; குதிரை மட்டும் திரும்பியது. பிறகு நெப்போலியன் வந்தான். 1806 ஜூலை 4இல் அவன் பிறப்பித்த ஆணை, 6 பெரிய வளர்ப்பு நிலையங்களையும், 30 பொலிநிலையங்களையும், அல்ஃபோரிலும் லியோனிலும் இருந்த கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த 2 ஆய்வுப் பள்ளிகளையும் வகுத்தது. அவனுடைய நோக்கமும் போர்தான், அதிலே ஐயமில்லை. ஆனால் 1790க்குப் பின் பிறந்த ஆணை அது. தனியார் வைத்திருக்கும் ஆண்குதிரைக்கு அது தடை போடவில்லை. தரமானதாக இருந்தால் ஒப்புதலும் ஊக்கத்தொகையும் தந்தது. அரசின் குதிரை ஊருக்கு வரும், வேண்டுவோர் வரலாம், வேண்டாதோர் விலகலாம். பேரரசன்கூட உழவனின் கொட்டில் வாயிலிலே நின்று, ‘உள்ளே வரலாமா’ என்று கேட்க வேண்டிய காலம் பிறந்துவிட்டது!

* * *

பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுதும் அந்தக் காட்சி ஆண்டுதோறும் நடந்தது. குளிர் தணியும் வேளையில், லெ பின் போன்ற நிலையங்களிலிருந்து பணியாளர் பொலிகுதிரைகளை அழைத்துக்கொண்டு சாலையிலே புறப்படுவர். சிறு நகரங்களில், பண்ணைகளில், அவற்றுக்கென ஒதுக்கிய கொட்டில்களில் கோடை வரும் வரை தங்குவர். சுற்றுவட்டார உழவர் தம் பெட்டைகளை நடத்தி வருவர். முதலிலே, தடுப்புக்கு அப்பால் வேறோர் ஆண்குதிரையை நிறுத்திப் பெட்டை இசைகிறதா என்று சோதிப்பர்; இசையாத பெட்டை உதைத்தால் விலையுயர்ந்த பொலிகுதிரையின் கால் முறிந்துவிடும் அல்லவா! பிறகே சேர்க்கை. கட்டணம் செலுத்தியதும் சீட்டு எழுதித் தருவர். சில வாரம் கழித்து மீண்டும் சோதிப்பர். பெட்டை மறுபடி பருவத்துக்கு வரவில்லையெனில், உழவன் முகம் மலரும்.

தனியாரும் இத்தொழிலில் இறங்கினர். பெர்ஷ் வட்டாரத்திலே தம் பொலிகுதிரையைப் பண்ணை பண்ணையாக நடத்திச் சென்று சேர்க்கைக்கு விட்டு வந்தவர் உண்டு. உழவனுக்கு இப்போது இரண்டு வாயில்கள். ஒன்று அரசினது, மற்றொன்று அயலானுடையது.

அந்தப் பெர்ஷ் வட்டாரத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பாரிசுக்கு மேற்கே, நார்மண்டியை ஒட்டிய மேட்டுநிலம். அங்கு உருவானதுதான் உலகறிந்த பெர்ஷரோன் குதிரை. அதனை உருவாக்கியது யார்? அரசின் நிலைய அதிகாரிகள் விரும்பியது ஆங்கிலப் பந்தயக் குதிரையின் ‘தூய குருதி’யும், அதன் கலப்பிலே பிறந்த படைக்குதிரையும். உழவர் அந்த ஆசைக்கு முழுதும் உடன்படவில்லை. மோர்தாஞ் நகரைச் சுற்றிய சிறு உழவர் பெட்டைகளை வைத்திருந்தனர்; அவை உழுதன, குட்டியும் ஈன்றன. பால் மறந்த குட்டிகளைச் சந்தையிலே வேறு உழவர் வாங்கி வளர்த்தனர். பிறகு அவை போஸ் சமவெளியின் கோதுமைப் பண்ணைகளுக்குச் சென்று ஏரிலே பழகின. ஐந்து வயதை எட்டிய நிலையில் பாரிசு வணிகரிடம் விற்கப்பட்டன. ஒவ்வொரு கையிலும் குதிரை உழைத்தது. ஒவ்வொரு கைக்கும் காசு தந்தது. எந்த அமைச்சரும் ஆணையிட்டு ஏற்படுத்திய சங்கிலி அன்று அது. சந்தையும் சாலையும் உழவனின் அறிவும் கூடிப் பின்னிய சங்கிலி.

முதலிலே அஞ்சல் வண்டியையும் பயண வண்டியையும் பெருநடையிலே இழுத்தது பெர்ஷரோன். இருப்புப்பாதை வந்தது, நெடும்பயண வண்டிகள் நின்றன. உழவர் ஒப்பாரி வைக்கவில்லை. 1855இல் பாரிசில் ஆம்னிபஸ் கம்பெனி உருவாயிற்று. நகரத் தெருக்களில் நெரிசல் மிக்க வண்டிகளை இழுக்கக் கனத்த குதிரை தேவைப்பட்டது. உழவர் கனத்த குதிரையை உருவாக்கினர். 1880களிலே அமெரிக்கச் சமவெளி உழவுக்கும் சரக்கு வண்டிக்கும் இன்னும் பெரிய குதிரை கேட்டது. அந்தப் பத்தாண்டில் மட்டும் 7,000க்கு மேற்பட்ட பெர்ஷரோன்கள் கடல் கடந்தன. போர்க்குதிரைக்காகக் கோல்பேர் கனவு கண்டது, பொன் வெளியே போகாதிருக்க. அவர் மதியாத இழுவைக் குதிரையால், பொன் உள்ளே வந்தது!

ஆனால் பொன் வந்தவுடனே புராணமும் வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

பெர்ஷரோனுக்கு ஒரு பிறப்புக் கதை கட்டப்பட்டது. 732இல் பொவாத்தியே அருகே நடந்த போரிலே தோற்ற அரபுப் படையினர் விட்டுச்சென்ற குதிரைகளே அதன் முன்னோர் என்றனர். அந்தப் போருக்கும், பெர்ஷரோன் என்றோர் இனம் ஏடுகளில் இடம்பெற்ற காலத்துக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுகள் கிடக்கின்றன. இணைத்துக் காட்டும் சான்று ஏதும் இல்லை. 1823இல் மோவ் என்ற சிற்றூரிலே பிறந்த ‘ஜான் லெ பிளான்’ என்ற பொலிகுதிரை இனத்துக்கே மூதாதை என்று போற்றப்படுகிறது. லெ பின் நிலையத்திலிருந்த ஓர் அரபுக் குதிரையின் வழிவந்தது அது என்றும் சேர்த்துக் கூறினர். இந்த அரபு உறவையும் ஆராய்ச்சியாளர் ஐயுறுகின்றனர். 1883இல் பெர்ஷரோன் வளர்ப்போர் சங்கம் கண்டு, வம்சப் பதிவேடு தொடங்கினர். வாங்குவோர்க்குப் பதிவேடு நன்மை, ஏமாற்றைத் தடுக்கும். புராணமோ விற்போர்க்கு மட்டும் நன்மை, விலையை ஏற்றும்!

எண்ணிப் பாருங்கள். குருதிப் பெருமை பேசிய பிரபுக்களை விரட்டிய நாட்டின் உழவர், தம் உழைப்பின் விளைவான குதிரைக்கு ஒரு குருதிப் பெருமையைத் தேடிக்கொண்டனர். ‘எங்கள் கை உருவாக்கியது’ என்று கூறுவதைவிட, ‘எங்கிருந்தோ வந்த உயர்குலத்தின் வழி’ என்று கூறுவது சந்தையிலே எடுபட்டது. அந்தப் புகழ்க்கதைகளிலே தந்தையின் பெயர்தான் உண்டு. குட்டியின் பண்பிலே பாதி தாயிடமிருந்து வருகிறது என்பதை மரபியல் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிவிட்டது. சினையோடு உழுத, ஈன்ற பின்னும் உழுத, அந்தப் பெட்டைகளின் பெயரைப் பாடியவர் இல்லை.

* * *

கட்டாயம் அறவே கூடாது என்பதுதானா இந்த வரலாறு தரும் பாடம்? இல்லை. 1885 ஆகஸ்ட் 14இல் பிரெஞ்சுக் குடியரசு ஒரு சட்டம் செய்தது. இந்தக் கட்டுரையிலே நாம் கண்ட சட்டங்களில் சிறியது அதுதான், சிந்திக்கத்தக்கதும் அதுதான். அரசின் ஒப்புதல் பெறாத எந்த ஆண்குதிரையையும், பிறருடைய பெட்டைகளோடு சேர்க்க வேண்டுமானால், அதற்கு இரண்டு நோய்கள் இல்லை என்று சான்று பெற்றிருக்க வேண்டும். ஒன்று, மூச்சுவிடும்போது குரல்வளை இரைகின்ற நோய். மற்றொன்று, விட்டு விட்டு வந்து கண்ணைக் குருடாக்கும் நோய். தன் குதிரையைத் தன் பெட்டையோடு சேர்ப்பவனைச் சட்டம் தொடவில்லை. அயலானின் பெட்டைக்குக் கேடு வரக்கூடாது என்ற எல்லையிலே அது நின்றது.

1717இன் விதியும் கட்டாயம். 1885இன் சட்டமும் கட்டாயம். ஆனால் இரண்டுக்கும் எத்துணை வேறுபாடு! முன்னது, எது நல்ல குதிரை என்பதை மன்னனின் தேவையை வைத்து முடிவு செய்தது. பின்னது, எது நோயுற்ற குதிரை என்பதை மருத்துவரின் கண்ணை வைத்துப் பார்த்தது. முன்னதிலே பேணுவோனுக்குச் சலுகை; பின்னதிலே செல்வனுக்கும் எளியவனுக்கும் ஒரே சோதனை. முன்னதைக் கேள்வி கேட்டால் தண்டம். பின்னதை அறிவு வளர வளரத் திருத்திக்கொள்ளலாம். அந்தக் கண்நோய் திங்களின் தேய்வு வளர்ச்சியால் வருவது என்று முன்பு நம்பினர். பிறகு பெரும்பாலும் பிறப்பிலே வருவது என்றனர். கிருமித் தொற்றுக்கு அதிலே பெரும்பங்கு உண்டு என்பது இன்றைய அறிவு. சட்டம் செய்தவர்க்கு அன்று அது தெரியாது. தெரிந்த அளவுக்குச் சான்று கேட்டனர். சான்றிலே நிற்கும் சட்டம், சான்று மாறினால் மாறும். சிம்மாசனத்திலே நிற்கும் சட்டம், சிம்மாசனம் சரிந்தால்தான் மாறும்.

பிறகு நடந்ததைச் சுருங்கச் சொல்லலாம். 1870 போரிலே தோற்ற பிரான்சு, 1874இல் சட்டம் செய்து, அரசுப் பொலிகுதிரைகளை 2,500 வரை பெருக்க முனைந்தது. 1913 ஜனவரியில் பாரிசின் கடைசிக் குதிரை ஆம்னிபஸ் நின்றது. 1914 போர் பல லட்சம் குதிரைகளைப் பண்ணைகளிலிருந்து பிடுங்கிச் சென்றது. டிராக்டர் வந்தது. அமெரிக்காவிலே ஆயிரம் ஆயிரமாய்ப் பதிவான பெர்ஷரோன், 1954இல் வெறும் 85 என்ற அளவுக்குக் குறைந்தது. பிரான்சிலே இழுவைக் குதிரைகளை இறைச்சிக்காக வளர்க்கும் நிலை வந்தது. 2010இல் தேசியப் பொலிநிலையங்கள் வேறு அமைப்போடு இணைக்கப்பட்டன; அடுத்த சில ஆண்டுகளில் அரசு பொலிகுதிரை தரும் பணியை விட்டு விலகிவிட்டது. லெ பின் மாளிகை இன்றும் நிற்கிறது. காண வருவோர் வருகின்றனர்.

தோழர்களே! சீர்திருத்தம் பேசுகிறோம். நல்லதை ஊருக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்று துடிக்கிறோம். நல்ல விதை, நல்ல மருந்து, நல்ல பள்ளி, நல்ல சட்டம் – எதைக் கொண்டு சென்றாலும், அதன் கழுத்திலே கயிறு இருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பார்ப்போம். அந்தக் கயிற்றின் மறுமுனை யார் கையில் இருக்கிறது என்று கேட்போம். இதனால் சலுகை பெறுபவன் யார், அவன் விட்ட பங்கைக் கட்டுபவன் யார் என்று கணக்குப் பார்ப்போம். கயிறு கண்டதும் சினந்து, நல்லதையும் சேர்த்து விரட்டிவிடாதிருப்போம். நம் உழைப்பிலே விளைந்ததற்கு வேறெவனுடைய குருதியையோ காரணம் காட்டும் கோழைத்தனத்தையும் விட்டொழிப்போம்.

வரும் ஆண்டு பிரெஞ்சுப் புரட்சிப் பாடம் நடத்தும்போது, 1789 ஜூலை 14 என்பதற்குக் கீழே கரும்பலகையில் இன்னொரு நாளையும் எழுதப் போகிறோம்: 1790 ஜனவரி 29. தேர்விலே அதைக் கேட்கமாட்டார்கள். ஆனால் கடைசி வரிசையிலே உழவன் மகன் உட்கார்ந்திருக்கிறான். தன் தந்தையைப் போன்ற ஒருவன் எழுதிய குறை, ஒரு நாட்டின் மன்றத்தையே நிறுத்தி வைத்துக் கேட்க வைத்தது என்பதை அவன் அறிந்துகொள்ளட்டும்.